பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பாட்டிலுக்குப் பரிசுக் கோப்பை!

கல்லூரிக் கலைவிழா என்றால் அறிவிப்புப் பலகையில் மாறாமல் இருக்கும் ஐட்டங்கள் சில உண்டு. கோலப்போட்டி, மெஹந்தி, அடுப்பில்லா சமையல், அப்புறம் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்'. முதல் மூன்றாலும் யாருக்கும் பெரிய கெடுதல் கிடையாது. கோலம் மறுநாள் அழிந்துவிடும். மெஹந்தி இரண்டு வாரத்தில் போய்விடும். அடுப்பில்லா சமையலை நடுவர்கள், பாவம், சாப்பிட்டே ஆக வேண்டும் :-) நான்காவதுதான் பிரச்னை. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு குப்பையை அதிகமாக்கும் போட்டி அது. பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கல்லூரி வழியாக, இப்போது வார இறுதிக் கைவினைப் பட்டறை வரை வளர்ந்து நிற்கிறது.

போட்டி எப்படி நடக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். முந்தின நாள் சாயங்காலம் ஃபேன்ஸி ஸ்டோரில் கூட்டம் அலைமோதும். பசை துப்பாக்கிக்கு பசைக் குச்சி, தங்கக் கலர் ஸ்ப்ரே, ஜிகினாத் தூள், சாட்டின் ரிப்பன், ஒட்டுகிற கல், அக்ரிலிக் பெயிண்ட், நாலு கலரில் சார்ட். எல்லாம் புத்தம் புதுசு. ஐஸ்கிரீம் குச்சியில் வீடு கட்டுகிறவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் குச்சி சேர்ப்பதில்லை, ஐம்பது குச்சி கொண்ட பாக்கெட்டாகவே வாங்கிவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றால், புதுசாக ஒன்று வாங்கித் தண்ணீரைக் குடித்தோ கொட்டியோ காலி செய்கிறார்கள். 'வேஸ்ட்' கிடைக்காதபோது வேஸ்ட்டை உற்பத்தி செய்தாவது ஜெயிக்க வேண்டும்!

இரண்டு மணி நேரத்தில் பாட்டில் பூ ஜாடியாகும், சிடி ஆந்தையாகும், பழைய செய்தித்தாள் பேனா ஸ்டாண்டாகும். நடுவர்கள் வருவார்கள். எது அதிகம் மின்னுகிறதோ அதற்கு முதல் பரிசு. அடுத்த நாள் துறைத் தலைவர் மேஜையில் இரண்டு பூ ஜாடி இருக்கும், மீதி முப்பத்தெட்டும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். தூய்மைப் பணியாளர் அம்மா வந்து பார்ப்பார். அந்தக் குவியலில் எடுத்து விற்கிற மாதிரி ஒன்றுகூட இருக்காது. நேற்று வரை இருந்தது.

அந்த 'நேற்று வரை இருந்தது' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்குக்குப் பெயர் பெட். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். 1973இல் அமெரிக்காவில் நத்தானியேல் வைத் என்ற பொறியாளர் இந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக்குகளிலேயே மறுசுழற்சிக்குச் சுலபமாகப் போகக்கூடிய வகைகளில் இது ஒன்று. நம் ஊரில் இதற்கென்று ஒரு சங்கிலியே இருக்கிறது. குப்பை பொறுக்குகிறவர் எடுக்கிறார், காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்குகிறார், அவரிடமிருந்து பெரிய வியாபாரி, அங்கிருந்து ஆலை. மூடியையும் லேபிளையும் பிரித்து, கழுவி, துண்டு துண்டாக நறுக்கி, உருக்கி, பாலியஸ்டர் நாராக இழுக்கிறார்கள். தலையணைக்குள் இருக்கிற பஞ்சும், விளையாட்டு டி-ஷர்ட்டும் அந்த நாராக இருக்கலாம். இந்தச் சங்கிலியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த வெற்று பாட்டில் சில பைசாக்களாவது பெறும்.

அதே பாட்டிலுக்குத் தங்கக் கலர் அடித்து, ஜிகினா தூவி, சூடான பசையால் ரிப்பன் ஒட்டி, உள்ளே பிளாஸ்டிக் பூவையும் சொருகினால்? ஐந்தாறு பொருள்கள் பிரிக்க முடியாதபடி ஒன்றாக ஒட்டிக்கொண்ட ஒரு பிண்டம் கிடைக்கும். காயலான் கடைக்காரர் தொடமாட்டார். ஆலையில் ஒரு பாட்டிலோடு கலந்துவிட்டால் மொத்தத் தரமும் கெடும். அதற்கு ஒரே இடம் குப்பைக் கிடங்கு. பி.காம் படிக்கிற யாருக்கும் பிராசஸ் காஸ்டிங் தெரியும். உள்ளே போன பொருளுக்கு ஸ்கிராப் மதிப்பு இருந்தது. மேலே 250 ரூபாய் மெட்டீரியல், ஆறு மனித மணிநேரம் செலவானது. வெளியே வந்த பொருளின் மதிப்பு பூஜ்யம், தூக்கிப் போடுகிற செலவு தனி. தேர்வில் இப்படி ஒரு கணக்கு வந்தால் வினாத்தாள் தப்பு என்று நினைத்துக்கொள்வோம். இங்கே இதற்குக் கோப்பை கொடுக்கிறார்கள்.

ஜிகினாவைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அது என்னவோ பளபளக்கும் மாவு மாதிரி தெரிகிறது. பெரும்பாலும் அது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளைப் பொடிப்பொடியாக வெட்டியது. அதாவது பிறக்கும்போதே நுண்பிளாஸ்டிக். கையைக் கழுவினால் சாக்கடைக்கு, சாக்கடையிலிருந்து ஆற்றுக்கு. ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபர் 17 முதல், கைவினைக்கும் அலங்காரத்துக்கும் பயன்படும் மக்காத பிளாஸ்டிக் ஜிகினாத் தூளை விற்கத் தடை போட்டது. இங்கே 'கடலைக் காப்போம்' என்ற எழுத்துக்களையே ஜிகினாவில் எழுதுகிறார்கள். என்ன கொடுமை சார் இது!

இதற்கு வழக்கமாக வரும் பதில், "மாணவர்களின் படைப்பாற்றலை வளர்க்கத்தானே, இதில் போய்க் குற்றம் கண்டுபிடிப்பதா?" என்பது. படைப்பாற்றல் வளரட்டும், தாராளமாக. அதற்கு 'கைவினைப் போட்டி' என்று நேர்மையாகப் பெயர் வைத்தால் ஒரு சண்டையும் இல்லை. ஓவியப் போட்டிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லையே! சுற்றுச்சூழல் என்று பலகை மாட்டிவிட்டால் சுற்றுச்சூழல் கணக்கைக் கேட்கத்தான் செய்வார்கள்.

இன்னொரு பதில், "விழிப்புணர்வு". அதுதான் மற்றதைவிடப் பெரிய ஆபத்து. தூக்கிப் போடும் பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், கடைசியில் பெயிண்ட் அடித்துவிட்டால் பாவம் போய்விடும் என்பதைத்தான் இந்தப் போட்டி பிள்ளைகளின் மனதில் பதிய வைக்கிறது. பாட்டில் கம்பெனிகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதும் பிராண்டுகள் மீதும் வைத்தன. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம் அதற்கு ஆண்டு இலக்குகளையும் வகுத்தது. சட்டம் கம்பெனியின் கையைக் காட்டுகிறது. நாம் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் பசை துப்பாக்கியைக் கொடுத்து, "நீதானம்மா பூமியைக் காப்பாற்ற வேண்டும்" என்கிறோம்.

அப்படியென்றால் கழிவிலிருந்து கைவினை என்பதே ஏமாற்றா? இல்லவே இல்லை. நம் வீடுகளில் இது போட்டி இல்லாமல், பரிசு இல்லாமல், காலங்காலமாக நடந்துகொண்டிருக்கிறது.

பாட்டியின் நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடுத்திப் பழசானதும் அது தொட்டிலாகிறது. புதுத்துணியைவிடப் பத்து வருடம் துவைத்த துணிதான் குழந்தையின் உடம்புக்கு மெத்தென்று இருக்கும். பிறகு தலையணை உறை. பிறகு கரித்துணி. கடைசியில் கால்மிதி. நைந்து மண்ணோடு போகும்வரை அதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலை இருக்கும். யாரும் அதன்மேல் தங்கக் கலர் அடிக்கவில்லை. உடுத்த முடியாத பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்கள் தெருவில் வந்தார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் சைக்கிளில் வந்தார். சினிமாவில் காமெடியாகிப் போன அந்த மனிதர்தான் நிஜமான மறுசுழற்சிக்காரர்.

கொஞ்சம் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் திருப்பூர். பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட் தெருவில் கிடப்பதில்லை. கலர் வாரியாகப் பிரித்து, பஞ்சாக்கி, மறுபடி நூலாக்குகிறார்கள். நூலுக்கு லாயக்கில்லாதது ஒர்க்‌ஷாப்புகளில் எண்ணெய் துடைக்கும் துணியாகிறது, கால்மிதியாகிறது. நவராத்திரிக் கொலுவுக்கு வரும் காகிதக்கூழ் பொம்மைகளும் இதே ரகம்தான். பழைய காகிதத்தை ஊறவைத்து, அரைத்து, பசை சேர்த்து, அச்சில் போட்டுக் காயவைத்து வண்ணம் தீட்டுகிறார்கள். அந்தப் பொம்மை மறுநாள் குப்பைக்குப் போவதில்லை. துணி சுற்றிப் பரணில் ஏறி, அடுத்த வருடம் இறங்கி, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் செய்ததும் கவனிக்க வேண்டியது. தையலில் மிஞ்சிய துணுக்குத் துணிகளைக் கொண்டு 'சுனாமிகா' என்ற குட்டிப் பொம்மையைச் செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பொம்மைக்கு விலை கிடையாது, அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள். செய்த பெண்களுக்கு, நன்கொடையாக வந்த பணத்திலிருந்து கூலி போனது. அந்தப் பொம்மைக்கு விரல் நீளம்தான், ஆனால் கணக்கு சுத்தம். கழிவு உண்மையிலேயே கழிவு, செய்தவருக்குக் கூலி, வாங்கியவர் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளும் பொருள். புனேயில் 2020இல் தொடங்கிய எகோகாரி என்ற நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. காயலான் கடைக்காரர்கள் தொடாத சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறைகளை வெட்டி, ராட்டையில் சுற்றி, கைத்தறியில் துணியாக நெய்து பை தைக்கிறார்கள். யாருக்கும் வேண்டாத பொருளைத் தேர்ந்தெடுத்ததுதான் அங்கே விசேஷம்.

இனி, கழிவை விட்டுவிட்டு 'இயற்கைப் பொருள்' பக்கம் வருவோம். அங்கேயும் ஒரு கூத்து நடக்கிறது. கருத்தரங்கு, திருமணம், திறப்பு விழா எங்கு போனாலும் இப்போது துணிப் பையோ சணல் பையோ இலவசம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் ஒரு வீட்டில் பீரோ மேல் முப்பது துணிப்பை மடிப்புக் கலையாமல் தூங்கினால் அது மஞ்சப்பைக் கலாசாரம் ஆகாது. பருத்திக்கு தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், சாயம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதல் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலாகும் என்றது. டென்மார்க் 2018இல் எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் போட்ட கணக்கில் அது 7,100 தடவை வரை போனது! பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் இந்தக் கணக்குகளில் வரவில்லை, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பாடம் ஒன்றுதான். பை எதனால் ஆனது என்பதோடு எத்தனை வருடம் உழைக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அந்த வகையில் பார்த்தால், சுத்தமான பிளாஸ்டிக்கில் பின்னிய நம் அம்மாக்களின் ஒயர் கூடை, பதினைந்து வருடம் காய்கறிச் சந்தைக்குப் போய் வந்து, விழாவில் கொடுத்த சணல் பையைத் தலைகுனிய வைத்துவிடும்.

இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துபோகிற ஆள் ஒருவர் உண்டு. கையால் செய்கிறவர்.

செட்டிநாட்டுக் கொட்டான் பனை ஓலையில் பின்னுவது. ஓலையைக் காயவைத்து, ஒரே அளவாகக் கிழித்து, சாயம் ஏற்றி, கட்டம் கட்டமாகப் பின்ன வேண்டும். ஒரு காலத்தில் ஆச்சிகள் சீர்வரிசைக்கும் விசேஷங்களுக்கும் தாங்களே பின்னினார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்ததும் அது கிட்டத்தட்ட நின்றேபோனது. பிறகு எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில், கோரைப் புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்துப் பாய் நெய்கிறார்கள். பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து கொடுப்பார்கள். பட்டுத் துணி மாதிரி மடிக்கக்கூடிய அளவு மெல்லிய பாயும் உண்டு. இதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பனை நம் மாநில மரம். ஓலை எடுக்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கோரை ஆற்றங்கரையில் திரும்பத் திரும்ப வளர்வது. 'சஸ்டெயினபிள்' என்று இன்று ஆங்கிலத்தில் சொன்னால் விலை கூடுகிற அத்தனை குணமும் இந்த இரண்டு பொருளுக்கும் இருக்கிறது. ஆனால் விலை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024-25 நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குச் சுமார் 40. கலைத்திறன் எதுவும் கேட்காத வேலைக்கான கூலி இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஓலைப் பெட்டிக்கு, ஓலை கிழிப்பதிலிருந்து விளிம்பு கட்டுவது வரை மூன்று மணி நேரம் என்று வைப்போம். கூலி 120. ஓலைக்கும் சாயத்துக்கும் 20. சந்தைக்குக் கொண்டுவரும் பஸ் செலவில் பங்கு 10. அடக்கமே 150 ஆகிவிட்டது. விற்பவர் வாடகை, லாபம் என்று 40 சதவீதம் வைத்தால் 210. இதில் பின்னியவரின் கலைக்கு ஒரு பைசாவும் சேர்க்கவில்லை.

இப்போது கைவினைக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். 210 ரூபாய்ப் பெட்டியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓலைதானே, நூறு ரூபாய்க்குக் கொடும்மா" என்பார்கள். அதே ஆள்தான் மாலில் இருக்கிற காபிக் கடையில் 250 ரூபாய் பில்லை வாய் திறக்காமல் கட்டிவிட்டு வந்திருப்பார். 60 ரூபாய் அடித்துப் பேசி வாங்கிவிட்டதாக வீட்டில் பெருமையாகச் சொல்வார். அந்த 60 ரூபாய் கடைக்காரரின் லாபத்திலிருந்து மட்டுமே போகும் என்று நினைக்க வேண்டாம். ஓலைக்காரர் ஓலை விலையைக் குறைக்கமாட்டார், பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் குறைக்கமாட்டார். மொத்தக் கணக்கில் வளைந்து கொடுக்கக்கூடிய எண் ஒன்றுதான் இருக்கிறது, பின்னியவரின் கூலி. அது 120லிருந்து 60க்கு வந்தால் மணிக்கு 20 ரூபாய். எந்தத் தாய் தன் மகளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பார்? புவிசார் குறியீடு சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், அரிசி வாங்க முடியாது.

கல்லூரிப் போட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், பணம்தான் சம்பந்தம். ஓர் அணிக்கு 250 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். நாற்பது அணிக்கு 10,000 ரூபாய். ஜிகினாவுக்கும் பசைக் குச்சிக்கும் போன இந்தப் பணத்தில் 47 ஓலைப் பெட்டிகளை முழு விலைக்கு வாங்கியிருக்கலாம். அல்லது ஒரு கைவினைஞருக்கு மேலே சொன்ன கூலியில் 31 நாள் வேலை கொடுத்திருக்கலாம். ஒரே ஒரு கல்லூரியில், ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு போட்டியில்.

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடினால் நியாயமில்லை. போட்டியை நிறுத்த வேண்டாம், விதியை மாற்றினால் போதும்.

1. புதிதாக எதையும் வாங்கக் கூடாது. பசை, நூல், ஊசி மட்டும் கல்லூரியே கொடுக்கட்டும். ஜிகினா, ஸ்ப்ரே உள்ளே வரக் கூடாது.

2. காயலான் கடையில் விலை போகும் பொருளைத் தொடக் கூடாது. பெட் பாட்டில், செய்தித்தாள், அட்டைப்பெட்டி எல்லாம் நேராக எடைக்குப் போகட்டும். யாரும் வாங்காத பொருளில் திறமையைக் காட்டட்டும்.

3. நடுவர் குழுவில் ஒரு காயலான் கடைக்காரர் கட்டாயம். எது கழிவு, எது காசு என்பது அந்த அரங்கத்தில் வேறு யாரையும்விட அவருக்குத் தெரியும். மற்ற நடுவர்களுக்குக் கொடுக்கும் அதே பொன்னாடையும் அதே மரியாதையும் அவருக்கும்.

4. பரிசு அன்றைக்கே கிடையாது. மூன்று மாதம் கழித்து, அந்தப் பொருள் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோப்பை.

5. விழா பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கி, ஓலை பின்னுகிறவரையோ பாய் நெய்கிறவரையோ கூப்பிட்டு, போக வரச் செலவும் நாள் கூலியும் கொடுத்து, இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். அவர் கொண்டுவரும் பொருளை அவர் சொல்லும் விலைக்கே வாங்கலாம்.

ஐந்தாவது விதியில் ஒரு போனஸ் உண்டு. ஓலையை இரண்டு மணி நேரம் பின்னிப் பார்த்து, விரலில் கீறல் விழுந்து, கோணல்மாணலாக ஒரு மூடிகூட முடிக்க முடியாமல் தவித்தவர் யாராக இருந்தாலும், அடுத்த தடவை "ஓலைதானே" என்ற வார்த்தை அவர் வாயில் வராது.

பி.கு: ஓலைப் பெட்டியோ பாயோ வாங்க நினைப்பவர்கள் பூம்புகார் விற்பனை நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம். காரைக்குடி, பத்தமடை பக்கம் போனால் செய்கிறவரிடமே வாங்கலாம். அப்படி நேரில் வாங்கும்போது பேரம் பேச வேண்டாம். அந்த 60 ரூபாய் அங்கே யாருடைய ஒன்றரை மணி நேரம் என்பது கணக்கிலேயே இருக்கிறது.